செல்வம் அண்ணன் விட்ட நாலு விரல்

செல்வம் அண்ணா, பர்மாவில் நம்ம லைங் தாயா ஊரின் சாலையோரப் பட்டறையில் நிற்கிறேன். நீ பலகையில் செய்த படுக்கைக் கூண்டைத் திரும்பவும் நம் பிக்கப் வண்டியில் ஏற்றுகிறோம். உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகத்தான் அதை இறக்கினோம். இனி இதில் படுத்துத் தூங்கி, ஊர் ஊராகத் துணி விற்கப் போவது நான்.

பட்டறைக்காரர் கோ மியோ, பர்மாப் பெயர் வைத்த நம்ம தமிழ் ஆள். கூண்டை டிரைவர் சீட்டின் பின்கண்ணாடியோடு ஒட்டித் தள்ளுகிறார்.

"நாலு விரல் இடம் விடணும். அண்ணன் அப்படித்தான் வைப்பான்."

"எதுக்கு தம்பி? ஆளேத்துற வண்டிக்கெல்லாம் ஒட்டித்தான் வைப்போம். அந்த எடத்துல இன்னொரு ஆளே ஒக்காருவான்."

"இது ஆளேத்துற வண்டியில்ல. பின்னால இழுங்க."

முணுமுணுத்துக்கொண்டே இழுக்கிறார். என் நாலு விரல் நுழைகிறது. போல்ட்டை முடுக்குகிறார்.

சாலையின் முதல் பள்ளத்திலேயே வண்டி ஆடி, கூண்டு கண்ணாடியில் இடிக்கிறது. திரும்பி வருகிறேன். கோ மியோ சிரிக்கிறார்.

"உங்கண்ணன் அளவே தப்பு, தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "என்னய்யா தப்பு? அவன் வெரலு எம்மாந் தடி! என் வெரலு ஆறு சேத்தாத்தான் அவன் நாலு. இழுங்கய்யா இன்னும்!"

அவர் போல்ட்டைக் கழற்றி, என் ஆறு விரல் நுழையும் வரை கூண்டை இழுத்து மறுபடி முடுக்குகிறார்.

இப்போது அதே பள்ளத்தில் இறங்குகிறேன். இடிக்கவில்லை.

இதைப் படிக்கிற எல்லாரும் செல்வத்துக்காகச் சாமியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவன் அளவு தப்பவே இல்லை.