எட்டை ஏழாக்கியது நான்தான்

என் நண்பர் யோசித்து உருவாக்கிய கணக்குகளை நான் என் பெயரில் புத்தகமாகப் போட்டுக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை அவரிடம் ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு வந்தது போன வருடம்தான். மழைக்காலம் முடிந்த சமயம், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் ஒரு காலை வேளை.

அதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் தாம்பரத்தை ஒட்டிய ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் ஆசிரியர்களாக இருந்தோம். டிசி, ஏசி சர்க்யூட் என்றாலே முதல் வருட மாணவர்கள் மிரள்வார்கள். அவர்களுக்காக என் நண்பர் வாரா வாரம் ஒரு பயிற்சித் தாள் தயாரிப்பார். அவர் கணக்கு செய்யும் விதமே தனி. எல்லோரும் கேள்வியை எழுதிவிட்டு விடையைக் கண்டுபிடிப்போம். அவர் விடையை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் நடந்து போய்க் கேள்வியைக் கட்டுவார்.

பன்னிரண்டு ஓம், ஆறு ஓம் என்று இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் சரியாக நான்கு ஓம் வரும். ஏசி என்றால், மின்தடை ஆறு ஓம், அதோடு தொடராக ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள்; ஏசிக்கு அது காட்டும் தடையான ரியாக்டன்ஸ் எட்டு ஓம். இரண்டையும் நேராகக் கூட்டிப் பதினான்கு என்று எழுதுகிறவனுக்கு ஏசி இன்னும் புரியவில்லை. வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தவனுக்குப் பத்து என்று சுத்தமாக வரும்.

"பத்துன்னு வந்தா பையன் தானா சிரிப்பான் பாரு, அப்பவே அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. பாயின்ட்டுக்கு அப்புறம் நாலு நம்பர் வந்துதுன்னு வை, கரண்டை மறந்துட்டு கால்குலேட்டரைத்தான் பார்த்துட்டு இருப்பான்" என்பார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரத்தின் சீரியல் பல்புகள்கூட அவர் தாளில் கணக்காக வந்துவிடும். ஒரு பல்பு போனால் மற்றவை என்ன ஆகும், அந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் நிற்கும் என்று. பெயிலாகிப் பெயிலாகி வந்த பிள்ளைகள் அந்தத் தாள்களை வைத்தே தேறினார்கள்.

என் வகுப்புக்கும் வேண்டும் என்று அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார். பிறகு பாரிமுனையில் பாடப் புத்தகம் போடும் ஒருவர், பயிற்சிக் கணக்குகளை மட்டும் தொகுத்து ஒரு புத்தகம் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். 'நாங்கள் இரண்டு பேர்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெயர் ஆசை. வேறு காரணம் எதைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தால் மாட்டிக்கொள்வோமே என்று, எண்களை மாற்றினேன். உட்கார்ந்து யோசித்து மாற்றவும் பொறுமையில்லை. ஒவ்வொரு கணக்கிலும் ஏதாவது ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்தேன். எட்டு, ஏழு ஆனது. பன்னிரண்டு, பதினொன்று ஆனது. அவர் செதுக்கி வைத்த விடைகள் எல்லாம் தசம எண்களாகச் சிதறின. இன்னும் கேவலம், அச்சுக்குப் போகும் அவசரத்தில் பல கணக்குகளுக்குப் புதிய விடையைப் போட மறந்து, பின்பக்கத்தில் அவருடைய பழைய விடையையே விட்டுவிட்டேன். கேள்வியில் ஏழு ஓம் இருக்கும், விடையில் பத்து இருக்கும்.

புத்தகம் வந்த அன்று ஆசிரியர் அறையில் அவர் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, "அச்சு நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்க வரவில்லை. ஓய்வு பெற்ற பின் பேச்சும் இல்லாமல் போயிற்று. புத்தகம் மட்டும் மறுபதிப்பு, மறுபதிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது.

இனி அந்த ரயிலுக்கு வருகிறேன். எழும்பூரில் கண் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மாணவி, மடியில் ஜெராக்ஸ் தாள்கள். எதிரே அவள் தோழி. பக்கத்தைப் பார்த்ததுமே என் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

"எத்தனை வாட்டி போட்டாலும் பத்து வரமாட்டேங்குதுடி. ஒன்பது பாயின்ட் ரெண்டு ரெண்டுன்னு வருது."

"ஏழு ஓம்னு குடுத்திருக்கா? எட்டு போடு, வந்துரும்."

"கணக்குல ஏழுன்னுதானே இருக்கு?"

"இந்த புக்குல ஆன்சர் வரலைன்னா ஒண்ணு கூட்டிப் போட்டுப் பாருன்னு சீனியர் அக்கா சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க சீனியர் சொன்னாங்களாம். எழுதின லூசு எல்லாக் கணக்குலயும் ஒண்ணு கம்மியா போட்டு வெச்சிருக்கு."

"புக்கு எழுதுற அளவுக்குப் படிச்சிருக்கு, எண்ணத் தெரியாதா அதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். நான் குரோம்பேட்டை வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த லூசு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இத்தனை வருடமாக, நான் செய்தது நண்பருக்குத்தான் துரோகம் என்று நினைத்து அதையே எப்படியெப்படியோ சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். எங்கெங்கோ வீடுகளில் பிள்ளைகள் விடை வராமல், தங்களுக்குத்தான் படிப்பு ஏறவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே நண்பர் வீடு இருக்கும் பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரி நிறையத் தண்ணீர். தெருவில் சேறு இன்னும் காயவில்லை. வீட்டை அடையாளம் கண்டுபிடித்து மணியை அழுத்தினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் தவறாமல் அவர் கையால் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். "அண்ணா, இன்னும் கொஞ்சம்" என்று விடாமல் போடுவார். இப்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, ஏழு ஓம் சார் வந்திருக்காரு."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது, திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அந்த வீட்டில் எத்தனை வருடமாக அதுதான் என் பெயரோ!

உள்ளே நண்பர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கைகள் இரண்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் சிரிப்பு பழைய சிரிப்பு. நான் உட்காராமலேயே சொன்னேன்.

"உன் கணக்கையெல்லாம் என் பேர்ல போட்டுக்கிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

"அதான் அன்னிக்கே தெரியுமே. உக்காரு" என்றார். "அதை விடு. எட்டை எதுக்குய்யா ஏழாக்குன?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

"யோவ், திருடுனியே, திருடுன பொருளை ஒழுங்கா வெச்சுக்க வேணாமா? பட்டுப்புடவையைத் தூக்கிட்டுப் போயி தரை துடைச்சிருக்க. நீ பேரைப் போட்டுக்கிட்டதுக்கு ஒரு வாரம்தான் கோவப்பட்டேன். இந்த ஏழுக்குத்தான் இன்னும் ஆறல."

அவர் மனைவி அப்படி விடவில்லை. "உங்களுக்கு விளையாட்டாப் போச்சு" என்று கணவரைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க பொண்ணு வேற பாலிடெக்னிக்ல சேர்ந்தா சார். அங்க உங்க புக்கைத்தான் வாங்கச் சொன்னாங்க. ஆன்சர் வரலை, எனக்கு இந்தப் படிப்பு வேணாம்னு ராத்திரியெல்லாம் அழுதா. அவ அப்பா போட்ட கணக்குன்னு அவளுக்குத் தெரியாது. இவர் பென்சிலை எடுத்து ஏழு இருந்த இடமெல்லாம் அடிச்சு எட்டு எட்டா திருத்திக் குடுத்தாரு. யார் செஞ்ச வேலைன்னு கடைசி வரைக்கும் அவகிட்ட சொல்லல. சொல்ல விடவும் இல்ல."

"அவ அதை கிளாஸ் பூரா சொல்லிட்டா" என்றார் நண்பர். "ஒண்ணு கூட்டிப் போடுங்கடின்னு."

ரயிலில் கேட்ட சீனியர் அக்காக்களின் ரகசியம் எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கெடுத்ததை அவர் சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். அது ஒவ்வொரு செட்டாகக் கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது. நான் அங்கே அழுதேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

புதிய பதிப்பில் அவர் பெயரைப் போடுகிறேன் என்றேன்.

"பேரை அப்புறம் போடு. மொதல்ல எட்டைப் போடு" என்றார்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. ஒவ்வொரு கணக்கையும் நான் உரக்கப் படிக்க வேண்டும், சர்க்யூட்டை வரைய வேண்டும், கால்குலேட்டரைத் தொடாமல் போட்டுக் காட்ட வேண்டும். அதுதான் அவர் விதித்த தண்டனை. அவரால் ஒரு கோடு நேராக இழுக்க முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டே, "இங்க அஞ்சு இல்ல, ஆறு. கரண்ட் ரெண்டா பிரியணும்" என்பார். போட்டுப் பார்த்தால் விடை முழுசாக விழும். எனக்கே ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துவிடும்.

"பாரு, சிரிக்கிறான். இப்பதான் இவனுக்கு ஏசி புரியுது" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வார்.

"பாஸ் போட்டுடாதீங்க, இன்னும் நாலு வாரம் வரட்டும்" என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

ஒருநாள், அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் மாடிப்படி விளக்கு மங்குவது பற்றிய கணக்கு வந்தது. நான் படித்து முடித்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

"இது என்னோடது இல்லையே."

புத்தகத்தை நிரப்ப நானே எழுதிச் சேர்த்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. அதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"கை வைக்காத" என்றார். "நல்ல கணக்கு. இதை நான் யோசிக்காம விட்டுட்டேனே! விடைதான் கொஞ்சம் அசிங்கமா வருது. இருந்துட்டுப் போகட்டும்."

என் முழு ஆசிரிய வாழ்க்கையில் இதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பதிப்பகத்தில் இப்போது அந்தப் பதிப்பாளரின் மகன் இருக்கிறார். "ஓடிட்டு இருக்கிற புக்குல எதுக்கு சார் கை வைக்கணும்?" என்று தயங்கினார். திருத்தாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். சம்மதித்தார்.

முன்னுரையில் நடந்ததை எல்லாம் எழுதி நண்பரிடம் படித்துக் காட்டினேன். "பசங்க கணக்குப் போட புக்கு வாங்குறாங்க. உன் பாவமன்னிப்பைப் படிக்கவா வாங்குறாங்க? வேற எங்கயாவது எழுதிக்கோ" என்று அடிக்கச் சொல்லிவிட்டார். பழைய பதிப்பின் எண்களும் விடைகளும் தவறானவை, இதில் திருத்தப்பட்டுள்ளன என்று மட்டும் போட்டோம். அடித்ததைத்தான் அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் வந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் அவர் பெயர் முதலில், என் பெயர் அதற்குக் கீழே. நடுங்கும் விரல்களால் பக்கங்களைத் தள்ளி அவர் தேடியது பெயரை அல்ல, அந்த எட்டு ஓமை. கண்டுபிடித்ததும், "அச்சு நல்லா இருக்கு" என்றார். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து சிரித்தோம். அவர் மனைவி அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளுக்கு வீடியோ கால் போட்டு, "நீ அழுதுக்கிட்டே போட்டியே, அந்தக் கணக்கெல்லாம் யாரோடது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பேசி முடித்துவிட்டு, நான் கிளம்புவதைப் பார்த்து, "சாப்பிடாம எங்க போறீங்க அண்ணா?" என்றார். என்னை அவர் மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். திருத்த ஒன்றும் பாக்கியில்லை, புதிதாகக் கணக்குகள் கட்டுகிறோம். ஆனால் பழைய பதிப்பின் ஜெராக்ஸ் தாள்கள் இன்னும் தாம்பரம் ரயில்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் யார் மடியிலாவது பார்த்துவிட்டால், "அது ஏழு இல்லம்மா, எட்டு. தப்பு உன்மேல இல்ல" என்று சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?" என்று கேட்கிறார்கள். எட்டை ஏழாக்கியவன் நான்தான் என்று சொல்லும்போது முன்பெல்லாம் வெட்கமாக இருந்தது, இப்போது அதைச் சொல்லிவிட்டு இறங்கும் நாட்களில்தான் எனக்கு மனசு லேசாக இருக்கிறது.