சத்தமும் வராமல், அடிக்கவும் அடிக்காமல் ஒரு துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை இருந்ததே கிடையாது. பாகூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவனுக்கு மண்வெட்டி மேலேயே பெரிய ஆசை கிடையாது. அப்படிப்பட்ட நான் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மகளின் தூக்கம்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை நன்றாகப் பிறந்தது, நன்றாகப் பால் குடித்தது. மகள்தான் தேய்ந்துகொண்டே போனாள். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது. சோற்றில் கை வைத்தபடி அழுவாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். வாயைத் திறந்தால் குரலே எழும்பாது. டாக்டரம்மா அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே மூச்சா ஒரு அரை நாள் தூங்கட்டும். அதுக்கு வழி பண்ணுங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வேற வைத்தியம் ஆரம்பிக்கணும்."

எங்கள் வீடு கழனியை ஒட்டி இருக்கிறது. அப்போதுதான் மல்லாட்டை விதைத்திருந்தோம். விதைத்த கழனிக்கு விடியும்போதே மயில்கள் வந்துவிடும். சாவகாசமாக நடந்து, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, போட்ட விதையை வரிசையாகக் கிளறித் தின்னும். மயிலை அடித்தால் ஜெயில். விரட்டலாம். எனக்குத் தெரிந்த விரட்டல் தகர டின்னைத் தட்டுவதும் வெடி வைப்பதும்தான். தினமும் விடியற்காலையில் ஒரு வெடி. மயில் பறந்து போய்ப் பக்கத்து வரப்பில் உட்காரும். என் மகள் எழுந்து கட்டிலில் உட்காருவாள்.

"மயிலு போவலப்பா. என் தூக்கம்தான் போவுது" என்றாள் ஒருநாள். அதோடு வெடியை நிறுத்திவிட்டேன். விதையும் போகக் கூடாது, தூக்கமும் போகக் கூடாது என்றால் இன்னாதான் செய்வது?

இந்த இடத்தில்தான் சம்பந்தி நுழைந்தார். மகளுடைய மாமனார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். மருமகளின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நாள்தோறும் வந்துவிடுவார். அவர் வரும் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் ஜன்னல் கம்பி அதிரும். இறங்கி, "தூங்குதா?" என்று குசுகுசுவெனக் கேட்பார்.

"சம்பந்தி, உங்களுக்கு வேண்டியது கராபின், சின்னத் துப்பாக்கி. பிரான்ஸ்ல என் சிநேகிதன் தோட்டத்துல முயல் அடிக்க வச்சிருந்தான். குழல் அளவு இருபத்திரண்டு. சின்னக் குண்டு, அடியில விளிம்பு வச்சது. சைலன்சர் தனியா மாட்டறதில்ல. குழலே சைலன்சர். முழுக் குழலும்! சுட்டா மல்லாட்டை உடைக்கிற சத்தம்தான் வரும். பக்கத்துல கட்டியிருக்கிற மாடு திரும்பிப் பாக்காது."

போனில் படங்களும் காட்டினார். குழல்கள் எல்லாம் உலக்கை மாதிரி பருத்திருந்தன. அன்று தொடங்கி நாங்கள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தோம். சம்பந்திக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை வைத்ததுதான் வேண்டும், மழையில் ஊறாதாம். "பச்ச புள்ள இருக்கிற வூட்ல கறுப்பு எதுக்குங்க?" என்று என் மனைவி மரக்கட்டை வைத்ததைக் காட்டினாள். நான் குழல் குட்டையானதைக் கேட்டேன், அதை வைக்கப்போகிற மோட்டார் கொட்டகைக் கதவு தாழ்வு என்பதால். இது நம் ஊரில் கிடைக்குமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

"சத்தமே வராதுன்னா மயிலு இன்னாத்துக்கு பயப்படும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

சம்பந்தி நிறைய யோசித்தார். "பக்கத்துல குண்டு விழுந்தா மண்ணு தெறிக்கும். அதப் பாத்து பயப்படும்."

"அதுக்கு ஒரு மண்ணாங்கட்டிய வீசினா போதாதா?" என்றாள் மனைவி, காபியை வைத்தபடி. அன்றைக்கு அவர் அந்தக் காபியைக் குடிக்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன அடுத்த வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனியும் படம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, டவுனுக்குப் போய் வாங்கிவிடுவோம் என்றேன். அப்போது என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு எங்கள் மூவருக்கும் அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

"கடைக்காரன் சத்தம் வராதுன்னுதான் சொல்லுவான். கிரைண்டர் வாங்கறப்ப அப்படித்தான் சொன்னான். இப்ப தெருவே திரும்பிப் பாக்குது. புள்ளையத் தூக்கினு போவோம். எந்தத் துப்பாக்கிக்குப் புள்ள முழிக்கலையோ அத வாங்கினு வந்துடுவோம்."

மகள் பால் கொடுத்தாள், பாட்டிலிலும் எடுத்துக் கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மனைவி குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, காத்து கருப்பு அண்டாமல் இருக்கத் துணிக்குள் ஓர் இரும்பு ஆணியும் செருகினாள். துப்பாக்கிக் கடைக்குப் போகிற பிள்ளைக்குப் பாதுகாப்பாக ஆணி! நல்ல காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் காரைச் சம்பந்தி அன்று எடுத்து வந்தார்.

கடைக்காரர் கைக்குழந்தையைப் பார்த்ததும் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்தார். பொம்மைக் கடை அடுத்த தெரு என்றார். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, குழலே சைலன்சராக இருக்கும் கராபினைப் பற்றி விளக்கினார். கடைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இருபத்திரண்டுக்கே லைசென்ஸ் வேணும். சைலன்சர் வச்சத நீங்க கேட்டதா வெளியில சொன்னாக்கூட வம்பு. இந்தக் கடையில அந்தப் பேச்சே வேணாம் சார்."

"பிரான்ஸ்ல கடையில வச்சு விக்கறாங்க."

"அப்ப மயிலையும் பிரான்ஸுக்கே கூட்டினு போங்க. காத்துத் துப்பாக்கி இருக்கு, பாக்கறீங்களா? இன்னாத்த அடிக்கணும்?"

"ஒண்ணுத்தையும் அடிக்கக் கூடாது" என்றேன்.

"சத்தம்?"

"வரவே கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அடிக்கவும் கூடாது, சத்தமும் வரக் கூடாது. ஒரு கொம்பு போதுமே சார்."

ஆனாலும் நல்ல மனுஷன். மூலையில் களிமண் ரொப்பிய பெட்டியைப் பார்த்து ஒவ்வொரு துப்பாக்கியாகச் சுட்டுக் காட்டினார். முதல் துப்பாக்கி 'டொங்' என்றது. மூவரும் குழந்தையைக் குனிந்து பார்த்தோம். தூங்கியது. அடுத்தது 'டப்' என்றது. தூங்கியது. குழல் முனை பருத்த ஒன்று 'பொஸ்' என்று மூச்சு விட்டது. அதற்கும் தூங்கியது. விட்டேனா பார் என்று சம்பந்தி, கடையிலேயே அதிகச் சத்தம் போடுகிற துப்பாக்கியைக் கேட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். குழந்தை வாயைச் சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கியது.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, ஏசி நின்றது, கடை முழுக்க நிசப்தம். குழந்தை கண்ணைத் திறந்து வீரிட்டது பாருங்கள், சுவரில் தொங்கிய துப்பாக்கிகள் கீழே விழாதது ஆச்சரியம்.

"இதுக்குச் சத்தம் ஆவாதுன்னு யாருங்க சொன்னது?" என்றாள் மனைவி, பாட்டிலை அதன் வாயில் வைத்தபடி. யாரும் சொல்லவில்லை. நாங்களே நினைத்துக்கொண்டதுதான். அத்தனை துப்பாக்கியையும் சுட வைத்துவிட்டு வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்ததால் அந்தப் 'பொஸ்' துப்பாக்கியை வாங்கினோம். மரக்கட்டை வைத்தது.

கார் கிருமாம்பாக்கத்தைத் தாண்டியது. பிறகு மனைவி தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்: "தூக்கம் வராதது அவளுக்கு. நாம புள்ளையத் தூக்கினு சுத்தறோம்." எனக்குச் சுருக்கென்றது.

வீட்டை நெருங்கினோம். விட்டு வந்து எவ்வளவு நேரமாகிவிட்டது, எழுந்து குழந்தையைத் தேடி அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கழனியில் காவல் இல்லாததால் மயில் கூட்டம் மொத்தமும் இறங்கியிருந்தது. ஒன்று அவள் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேரே மதில் மேல் நின்று, காது கிழிகிற மாதிரி அகவியது. போச்சுடா என்று ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

மகள் வாயைத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். மயில் மறுபடி கத்தியது. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் தோளில் குழந்தை லேசாக முனகியது. அவ்வளவுதான், மகளின் விரல்கள் அசைந்தன. மயில் போட்ட கூப்பாட்டுக்கு அசையாதவள்! நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சம்பந்தி என் மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றினார். பாட்டிலில் பால் இருக்கிறதா என்று சைகையிலேயே கேட்டார். கதவைக்கூடச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொண்டு, வண்டியை மெல்ல உருட்டி ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிப் போனார்.

நான் துப்பாக்கியோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "புள்ள இன்னா பண்ணுது?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒன்றும் நீட்டவில்லை; மடியில் துப்பாக்கி இருந்தது, உதட்டில் விரலை வைத்தேன், அவ்வளவுதான். கேட்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். வாங்கிய பொருள் ஒருவிதத்தில் வேலை செய்யத்தான் செய்தது. எதிரே மயில்கள் என் விதையைத் தின்றுகொண்டிருந்தன. தின்னுங்கடா, நாளைக்கு வேறு போட்டுக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பின்னால் கதவு சத்தம் கேட்டது. மகள் அவிழ்ந்த தலையோடு, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு வந்து நின்றாள். கழனியைப் பார்த்தாள். என்னையும் என் மடியில் இருந்ததையும் பார்த்தாள்.

"இன்னாப்பா இது? மொத்தத்தையும் தின்னுது, துப்பாக்கிய வச்சினு பாத்துனு இருக்க?"

சொல்லிவிட்டுக் கைகளைத் தட்டி, அடிவயிற்றிலிருந்து "ஏ...ய்!" என்று ஒரு சத்தம் போட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் தெருக்கோடி வரை கேட்கும் அதே குரல். மயில் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பிப் பனைமரங்களைத் தாண்டிப் பறந்தன.

அப்புறம்தான், குழந்தை எங்கே என்று கேட்டாள்.