ஹெரால்டின் மூக்கைக் காப்பாற்றிய பிலோமினா

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது பிலோமினாவின் தங்கை போன் செய்தாள். “எங்கக்கா நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாக்கா.” பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரை எழுப்பிச் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளுடைய விரல்களைத் தெரியும். கையுறை போட்ட விரலைப் புதுக் காரின் மேல் ஓடவிட்டே, கண்ணுக்குத் தப்பிய தூசியைப் பிடித்துவிடுவாள். நானும் அவளும் பல வருடம் ஒரே லைனில் நின்றோம். ஒருநாள் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “இத்தினி வண்டிக்கு ஓகே போட்டோமே, ஒண்ணுத்துலயாவது ஸ்டியரிங் புடிச்சிக்கிறோமா?”

அடுத்த மாதமே மறைமலை நகரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய ஹெரால்ட் காரை வாங்கிவிட்டாள். என்ஜின் உயிரோடு இருந்தது. மரம் விழுந்து முன்பக்கம் மட்டும் நொறுங்கிப் போயிருந்தது.

வம்பே அங்கேதான். அந்த வண்டிக்கு பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டு. அதைத்தான் ‘மூக்கு’ என்பாள். வேறெந்தக் காரின் தகடும் அதற்குப் பொருந்தாது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு காயலான் கடைகளில் அலைவாள். கையில் ஒரு காந்தத் துண்டு. ஒட்டினால் நல்ல தகடு. ஒட்டாவிட்டால் ஓட்டையைப் புட்டிப் பசை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கதவு கிடைத்தது, டிக்கி மூடி கிடைத்தது. மூக்கு கிடைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். “நீ கேட்ட மூக்கு ஒண்ணு கீதும்மா. ஆனா லாரில லோடு ஆவுது, சீக்கிரம் வா!” ஸ்கூட்டரில் பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது உருக்காலைக்குப் போகும் லாரி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கிரேன் அடுத்த அள்ளலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, பச்சை நிறத்தில், அதே மூக்கு! பிலோமினா ஓடிப்போய், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எம்மா, எறங்கும்மா! கிரேனுக்குக் கண்ணு தெரியாது!” கடைக்காரர் கத்தினார்.

“அத ஓட்றவருக்குத் தெரியுமில்ல? நிறுத்தச் சொல்லு!”

“ஏட்டி பிலோ, எறங்குட்டி! செத்துத் தொலையப் போற!” இது நான்.

“நீ அலறிக்கினு நிக்காத. காந்தத்த வச்சிப் பாரு!”

கிரேன் நின்றது. அவள் நீட்டிய காந்தத்தை வாங்கி வைத்தேன். ஒட்டியது. விளக்குக் குழியின் ஓரத்தில் வைத்தேன், ஒட்டியது. இடது மட்கார்டு, வலது மட்கார்டு, எங்கே வைத்தாலும் ஒட்டியது! “புட்டியே இல்லட்டி!” என்று நான் கூவ, அவள் குதித்திறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். கிரேன்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பூப்போலத் தூக்கி, நாங்கள் போன் செய்து வரவழைத்த குட்டி யானை மினி லாரியில் வைத்துக்கொடுத்தார்.

தகடு வேலை செய்யும் டிங்கர் அதை மாட்டியபோது கீல்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. பெயின்ட் அடித்தவர்தான் பாவம். விரலை ஓடவிட்டு, “ரிஜெக்ட்” என்று இரண்டு முறை திருப்பி அடிக்க வைத்தாள். மூன்றாம் முறை “ஓகே” என்று வண்டிக்குள் ஏறி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் விட்டாள் பாருங்கள்! எதிரே வந்த லாரிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். “இன்னாம்மே, நம்ம வண்டிம்மே இது!” என்று காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினாள்.

அதோடு விட்டாளா? என்னையும் ஓட்டுநர் பள்ளியில் சேர்த்துவிட்டாள். கல்லறைக்கு அவளைக் கொண்டுபோனபோது, பின்னால் அந்தக் காரை ஓட்டி வந்தது நான்தான். வண்டி இனி அவள் தங்கைக்கு. எனக்கென்று இருப்பது என் ஓட்டுநர் உரிமம். அதற்குப் படம் எடுத்தபோது, கேமராவுக்குப் பின்னால் நின்று பிலோமினா பழிப்புக் காட்டினாள். அதனால் அந்த அட்டையில் நான் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.