சாபெல் அம்மாவின் மணி

எங்கள் தெருமுனை மதுக்கடையை நடத்தியவள் ஒட்டிலி சாபெல். பெர்லினில், அதிலும் எங்கள் வெட்டிங் பேட்டையில், மதுக்கடைக்காரியை எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவளைக் கிழவி என்பவன்கூட இவளிடம் அம்மா, அம்மா என்று குழைவான். வாட்டசாட்டமான உடம்பு, பீப்பாயைத் தனியாக உருட்டுவாள். வாயைத் திறந்தால் வண்டிக்காரனும் காதைப் பொத்திக்கொள்வான். நான் மாடியில் குடியிருந்தேன். அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பது என் பிழைப்பு. அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வதில் பாதி கப்சா, நான் சொல்வதைக் கேளுங்கள்.

கல்லாவுக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். அதை அடித்தவன் கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கித் தர வேண்டும். பிள்ளை பிறந்தால் அடிப்பார்கள், வேலை கிடைத்தால் அடிப்பார்கள். அம்மாவுக்கு அந்த மணி அதற்கும் மேலே. அவள் புருஷன் ஓட்டோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆயுள் காப்பீடு கட்டி வந்தவன். போரில் விஷப்புகை தின்ற நுரையீரலோடு திரும்பி வந்து செத்தான். கம்பெனிக்காரர்கள் இழுத்தடித்துப் பணத்தைக் கொடுத்தது, காலையில் ரொட்டி வாங்கிய நோட்டு மாலையில் தீக்குச்சி வாங்காத அந்தக் கேடுகெட்ட வருஷத்தில். அம்மா வாங்கிய கையோடு தெருவில் ஓடினாள். இறைச்சிக்கடை மூடியிருந்தது. நிலக்கரிக்காரன் நோட்டைப் பார்த்துச் சிரித்தான். பழைய இரும்புக்கடையில் இந்த மணி ஒன்றுதான் கிடைத்தது.

"பாத்தியா ட்ரூடே, என் புருஷன் மணியாயிட்டான். உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான், தட்டினாத்தான் சத்தம் வரும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஏப்ரனால் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

அடுப்புக்குப் பக்கத்து மேசை மூன்று பேருக்குச் சொந்தம். மூவரும் பிள்ளைப் பருவத்திலிருந்தே ஸ்காட் ஆடுகிறவர்கள். அந்தச் சீட்டாட்டத்துக்கு மூன்று கை வேண்டும். ஒருவன் வராவிட்டால் மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கொத்தனார் வுட்கே கம்யூனிஸ்ட். டிராம் ஓட்டும் ப்ரில் சமூக ஜனநாயகக் கட்சி. கூரை ஓடு வேயும் நாஸ்கே வேலை போய் மூன்றாவது வருஷம் நாஜிகளோடு சேர்ந்து பழுப்புச் சட்டை மாட்டிக்கொண்டான். அவர்கள் சூப் ஊற்றினார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள். எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான், ஆனாலும் அவன் பழைய பூட்ஸின் ஓட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

"என்னடா நாஸ்கே, பூட்ஸு புதுசா? மண்டைய வித்தா வாங்கின?" என்பான் வுட்கே.

"உங்க மாஸ்கோக்காரன் உனக்கு ஒரு செருப்பாவது அனுப்பினானா?"

"சண்டைய நாடாளுமன்றத்துல வச்சுக்கலாம், சீட்ட எறக்குங்கடா" என்பான் ப்ரில்.

"வந்துட்டாரு டிராம் மந்திரி!" என்று அப்போது மட்டும் இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

வெளியே இவர்களுடைய கட்சிக்காரர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவருகே வரிசையாக ஆணி அடித்து வைத்தாள். "தொப்பி, சின்னம் எல்லாம் ஆணியில மாட்டு. உள்ள ஆளு மட்டும் வந்தாப் போதும்." சிவப்பு நட்சத்திரமும் நாஜிகளின் ஸ்வஸ்திகாவும் ஒன்றின்மேல் ஒன்று தொங்குவதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் கடை மூழ்கிக்கொண்டிருந்தது. வேலையில்லாத ஆண்கள் ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு, வீட்டில் நிலக்கரி இல்லாததால் எங்கள் அடுப்பில் நாள் முழுக்கக் குளிர்காய்ந்தார்கள். பாக்கி தீராமல் இனி பீப்பாய் வராது என்று பீர் ஆலை சொல்லிவிட்டது. இந்த வாடை எப்படித்தான் எட்டுமோ, நாஸ்கேயின் படைத்தலைவன் வந்து நின்றான்.

"மாசம் முப்பது பீப்பா என் பசங்க குடிப்பாங்க. உங்க பாக்கி தீந்துடும். ஆனா கடை எங்களோடதுன்னு தெரு முழுக்கத் தெரியணும். சிவப்புப் பசங்க ஒருத்தனும் உள்ள வரக் கூடாது."

பெர்லின் முழுக்க இப்படித்தான் கடைகளைப் பிடித்தார்கள். சனிக்கிழமை சொல்கிறேன் என்றாள் அம்மா. அவன் போனதும் சமையலறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"முப்பது பீப்பா, ட்ரூடே. ஒத்துக்கலேன்னா கடை போச்சு. ஒத்துக்கிட்டா வுட்கே போறான், அவனோட மேசையும் போகுது."

"என்ன பண்ணப்போறீங்க?"

"ஒத்துக்கப்போறேன்" என்றாள். அழவில்லை. சனிக்கிழமைக்குப் பெரிய அண்டாவில் பட்டாணி சூப் வைக்கச் சொன்னாள், உள்ளே பன்றிக்காலும் போட்டு. வுட்கே அங்கே சாப்பிடப்போகும் கடைசிச் சூப் அது என்று எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவன் மூன்று தட்டு சாப்பிட்டான், பாவம்.

சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. தலைவன் ஆட்களோடு வந்தான், ஆணிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொந்த ஊர் பவேரியா, எங்கள் பேட்டை வழக்கமெல்லாம் தெரியாது. அம்மா சரி என்று தலையாட்டியதும், கடை இனி தங்களுடையது என்று அவன் அறிவிக்க வேண்டும், கூச்சல் அடங்கவில்லை. கையை எட்டிக் கயிற்றைப் பிடித்து மணியை ஓங்கி அடித்தான்.

கடை அப்படியே அமைதியானது. பிறகு வுட்கே எழுந்து, "ஒரு சுத்து!" என்று கத்தினான்.

கூரை பிய்த்துக்கொள்ளும்படி ஆரவாரம். எத்தனையோ மாசமாக யாரும் அந்த மணியைத் தொடவில்லை. அம்மாவின் கை பழக்கத்தில் கிளாஸ்களை நிரப்பத் தொடங்கிவிட்டது. தலைவன் முழித்தான். பக்கத்தில் இருந்தவன் காதில் ஓதியதும் முகம் சிவந்தது.

"சிவப்பு நாய்களுக்கு நான் பீர் வாங்கித் தரதா?"

"மணி அடிச்சவர் வாங்கணுங்க. அது வழக்கம்" என்றாள் அம்மா, இன்னும் தணிவாகவே.

"இனிமே இங்க வழக்கம் என்னன்னு நாங்க சொல்றோம். ஒரு பித்தளைக் குப்பைக்கு இவ்வளவு பவுசா!"

அம்மா குழாயை மூடினாள்.

"அந்தக் குப்பை என் புருஷன்டா. அவனத் தட்டிட்டுக் காசு குடுக்காம ஒருத்தனும் போனதில்ல. காச வை, இல்ல வெளிய போ. உன் முப்பது பீப்பாயும் உன்னோடயே போகட்டும்."

அவன் போனான், போகும்போது கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுப் போனான். நாஸ்கே மட்டும் மேசையை விட்டு எழுந்து வந்து, வேலையில்லாதோர் உதவிப்பணத்தில் மிச்சமிருந்ததைக் கல்லாவில் வைத்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"எடுத்துக்கடா, நீயா அடிச்ச?" என்று தள்ளிவிட்டாள் அம்மா. அன்றைக்கு எல்லாருக்கும் ஓசியில் ஊற்றினாள், பீப்பாய் காலியாகும்வரை. அடுத்த பீப்பாய் வரவில்லை.

கடை கைமாறியது. குளிர்காலம் முடிவதற்குள் ஆட்சியே நாஜிகள் கைக்குப் போயிற்று. அம்மா என் வீட்டுக்கு எதிரே ஒற்றை அறைக்குக் குடிவந்தாள், மணியை அடுப்புக்கு மேலே மாட்டினாள், சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். வசந்தத்தில் வுட்கேயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்கப் போன அவன் மனைவியைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ப்ரில்லும் அம்மாவின் அறையில் இருந்தபோது நாஸ்கே ஏறி வந்தான். தொப்பியைக் கழற்றி வெளியே மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டினான். உள்ளே வந்து மணியை அடித்தான். பையிலிருந்து பீர் பாட்டில்களை எடுத்து எல்லாருக்கும் ஊற்றினான். வுட்கே இல்லாத காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தான்.

அம்மா தன் கிளாஸைத் தொடவில்லை.

"அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். போய்க் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இந்தச் சுத்த ஒருத்தரும் குடிக்கப்போறதில்ல."

"என்னால எப்படிம்மா..."

"மணி அடிச்சல்ல?"

அவன் போனான். யார் காலில் விழுந்தானோ, எதில் கையெழுத்துப் போட்டானோ, அவன் சொல்லவேயில்லை. கிளாஸ்களில் தூசி படிந்தது. அம்மா கொட்டவும் இல்லை, கழுவவும் இல்லை. புழுங்கிய ஒரு மத்தியானம் படிக்கட்டில் மெதுவாக நான்கு கால்களின் சத்தம். நாஸ்கேயின் தோளில் சாய்ந்து வுட்கே வந்தான். முன்பற்கள் இல்லை. இரண்டு கை விரல்களிலும் கோணலாகக் கட்டுப் போட்டிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா பழைய பீரை ஒவ்வொன்றாகக் கொட்டினாள். "இந்தச் சனியன எவன் குடிப்பான்" என்று திட்டிக்கொண்டே கொட்டினாள்.

ப்ரில் சீட்டைக் கலைத்தான். நாஸ்கே பழையபடி மூன்றாவது நாற்காலியில் உட்காரப் போனான்.

"அங்க இல்ல" என்றாள் அம்மா. அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து தன் சீட்டுகளை எடுத்தாள். "வுட்கேயால சீட்டப் பிடிக்க முடியாது. அவன் பக்கத்துல உக்காந்து நீ பிடி. அவன் சொல்றத எறக்கு."

நாஸ்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சீட்டுகளை விசிறியாக விரித்து வுட்கேயின் கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

"ஆட்டாம பிடிடா" என்றான் வுட்கே.