தீபத்தன்று மொண்ட தண்ணீர்

பிலோக்செனியா. பைபிளின் கிரேக்க மூலத்தில் விருந்தோம்பலுக்கு இதுதான் சொல்லாம். அப்பா சபையில் உபதேசியார். பாதிரியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு விளக்குவார். நேசம் ஒன்று, முன்பின் தெரியாதவன் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே சொல்.

"சொந்தக்காரனுக்கு எவன் வேணா சோறு போடுவான். யாருன்னே தெரியாதவனை நேசிக்கணும், அதான் அர்த்தம்" என்பார். வருகிறவன் தேவதூதனாகக்கூட இருக்கலாமாம். எமதூதனாக இருந்தால் என்ன செய்வது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அப்பா பிறந்த கிராமத்தில் எங்கள் ஜனங்களுக்குத் தம்ளர் கிடையாது. குனிந்து கையைக் குவிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அதனால் திருவண்ணாமலைக்குக் குடிவந்ததும் அவர் போட்ட முதல் சட்டம் இது: நம் வீட்டுக்கு யார் வந்தாலும் நம் பானையில் அவரே மொண்டு குடிக்கட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீபம். சுற்றுக் கிராமங்களில் வாந்திபேதி என்று பேச்சு அடிபட்டது. காலரா ஊசி போட்டுக்கொள்ளாதவர்களை ஊருக்குள் விடவில்லை. ஊசிக்குப் பயந்தவர்கள் வயல் வழியாக நடந்து வந்தார்கள். செங்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலை ஒட்டி இருந்தது எங்கள் வீடு. காலையிலிருந்து நாய்கள் வயலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தன. எனக்கு அந்த நாள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

மத்தியானம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கூலிக்காரர் போலிருந்தார். உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. "தண்ணி குடுங்க" என்று பழக்கத்தில் குனிந்து கையைக் குவித்தார்.

"கைய எறக்குங்க. இந்த வூட்ல அது கெடையாது. உள்ள வந்து மொண்டு குடிங்க" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைத் தனியே இழுத்தார். "இன்னாங்க, அந்த ஆளு மூஞ்சியே செரியில்ல. சின்னது இருக்குது வூட்ல."

"பயந்துக்குனே நேசிக்க முடியுமா?" என்றார் அப்பா.

அந்த மனிதர் தம்ளரைப் பானைக்குள் விட்டார். மணிக்கட்டு வரை கை உள்ளே போனது. இரண்டாம் முறையும் போனது. பிறகு என் நாலு வயசுத் தங்கை, விருந்தாளி குடித்த அதே தம்ளர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அதே பானையில் மொண்டு குடித்தாள்.

மலைமேல் தீபம் ஏறியபோது ஊரே அரோகரா என்று முழங்கியது. எங்கள் கூடத்தில், அப்பா படுக்கவைத்திருந்த அந்த மனிதர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அப்பா தன் கையால் அள்ளிப்போட்டுக் கழுவி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரெண்டு நாள் கழித்துத் தங்கையையும் அதே வண்டியில்தான் கொண்டுபோனோம். வந்தவர் பிழைத்துக்கொண்டார். தங்கை பிழைக்கவில்லை.

அப்பா அந்தச் சொல்லை அதற்குப்பின் வாயால் சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் பல வருஷம் ஆறவில்லை.

அடுத்த தீபத்துக்கு முன்னால் சந்தையிலிருந்து இன்னொரு பானை வாங்கிவந்து, வாசலோரம் வைத்தார். வெளியாளுக்கென்று. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்க ஊர்ல நம்மள வெளியவே நிறுத்தி ஊத்துனாங்களே, அதுவா இது?"

அப்பா பானையின் விளிம்பைத் துடைத்து மூடிவைத்தார்.

தீபத்தன்று ஒரு கிழவர் வந்து தண்ணீர் கேட்டார். அம்மா வாசல் பானையைக் கவிழ்த்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார். கிழவரின் கை எங்கள் பானைக்குள் மணிக்கட்டு வரை இறங்கியது. அவர் குடித்து முடித்ததும் அம்மா அதே தம்ளரில் மொண்டு, அவர் எதிரிலேயே மடமடவென்று குடித்தார்.

கிழவர் தெருமுனை தாண்டிய பிறகு, பானையிலிருந்த மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ரெண்டு நாளைக்கு என் கிட்ட வராதீங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அம்மா தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.