பாவா மேட்டுச் சாவி

எங்கள் கடையில் முருகன் படத்துக்குக் கீழே ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு பெரிய இரும்புச் சாவி. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கோயில் சாவி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. கும்பிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

அது ஒரு முஸ்லிம் பெரியவர் அடக்கமாகியிருக்கும் மேட்டின் சாவி. அது எப்படி எங்கள் கடை ஆணிக்கு வந்தது என்று கேட்டால் என் கணவர், "இவ வாயால வந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கு ஒரு வரி போதாது.

நான் இலங்கை மலைநாட்டுப் பதுளையில் பிறந்தவள். எங்கள் அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. அப்புத்தளைக் கடைவீதியில் கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது அப்புத்தளைக்கு ரயில் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. வந்த முதல் வாரம் மூடுபனியில் எதிர்க்கடையே தெரியவில்லை. பேசிப் பழக ஆள் இல்லாமல் தவித்துப்போனேன். பேச்சில்லாமல் இருப்பதைவிடப் பட்டினி கிடப்பது எனக்குச் சுலபம்.

அப்படித் தவித்தவளுக்குப் பக்கத்துப் புடவைக்கடைப் பாயின் மனைவி கிடைத்தார். இந்தியாவின் கடலோர ஊரிலிருந்து வந்தவர்கள். என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு தகரவேலிதான். காலையில் அதன் மேல் தலையை நீட்டினால் உலை கொதிக்கும்வரை பேச்சு ஓடும். அக்கா பேச்சில் கொஞ்சம் சிக்கனம். அந்தக் குறையை நான் ஈடுசெய்துவிடுவேன்.

பாவா மேட்டுக்கு முதன்முதல் என்னைக் கூட்டிப்போனவர் அந்த அக்காதான். ஊரிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கமாக இறங்கும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது அந்த மேடு. காப்பி நட்ட காலத்துக்கும் முன்னால் அந்த வழியே நடந்துபோன ஒரு பெரியவர் அங்கே காலமாகி, அங்கேயே அடக்கமானாராம். ஊர் பேர் யாருக்கும் தெரியாது. பாவா என்றால் போதும். வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பை போய் விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, பாத்திஹா ஓதுவார். வருஷத்துக்கு ஒருமுறை கந்தூரிச் சோறு. அன்றைக்கு தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் முழுக்க ஓலைப்பெட்டியோடு வந்துவிடும். வேல் கும்பிடுகிறவர்களும் மாரியம்மன் கும்பிடுகிறவர்களும் மேட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றாமல் போகமாட்டார்கள். செருப்பு இல்லாதவர்கள் தலைத்துண்டை எடுப்பார்கள்.

அக்காவுக்கு அங்கே வேறு வேலையும் இருந்தது. பாவாவின் கால்மாட்டுக்குச் சற்றுத் தள்ளி, பூவரச மரத்தடியில், அடக்கத்துக்கு அடையாளமாக நடும் சின்ன மீசான் கற்கள் இரண்டு. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே, பாதியில் விட்டுவிட்டார்களா என்று கேட்டுவிட்டேன். அக்கா, "எம்புள்ளைக்கு அவ்வளவு இடம் போதும், தங்கச்சி" என்றார். அன்றைக்கு என் வாய் அடைத்தது. அது அடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

நான் ஊருக்கு வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் பிறந்த குழந்தை. பேர் வைக்கும் நாளுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டது. முஸ்லிம்களை அடக்க ஊரில் அப்போது மையவாடி கிடையாது. பதுளைக்குக் கொண்டுபோகலாமென்றால் மண்சரிந்து பாதை அடைபட்டிருந்தது. பாவாவுக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்குக் குழந்தை தங்கவே இல்லை. வியாழக்கிழமை தோறும் போய் அந்த இரண்டு கல்லுக்கு நடுவில் பச்சைக் கொம்பு ஒன்றை ஊன்றி, கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அழமாட்டார். கடைக் கதை, காய்கறி விலை என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். எங்களிடம் பேசுவதைவிட அங்கே அதிகம் பேசுவார் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இப்படி இருக்கையில் தோட்டத்துக்குப் புது துரை வந்தார். பழைய துரை மேட்டைத் தொடவில்லை. புதியவருக்கு வெற்று நிலம் கண்ணில் பட்டால் கை அரிக்கும். வந்த வேகத்தில் மேட்டுக்குப் போகும் பாதையை முள்ளுக்கம்பியால் அடைத்தார். தேயிலைக்கு நடுவே கண்டவர்கள் நடக்கக் கூடாதாம். ஒரு காவல்காரனையும் நிறுத்தினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவன். துரையே "சரி, போ" என்றாலும் இவன் "கூடாது" என்பான்.

லெப்பை மனுப் போட்டார், பாய் பெரிய மனிதர்களைப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா மட்டும் வியாழக்கிழமை தவறாமல் போனார். வேலிக்கு வெளியே நின்று பச்சைக் கொம்பை வீசுவார். அது தேயிலைச் செடிக்குள் விழும். பூவரச மரம் அங்கே தெரியும், கல் தெரியாது. ஒருநாள் நானும் கூடப் போய் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் கணவருக்குச் சோறு போடாமல் படுத்துக்கொண்டேன். அவர்மேல் குற்றம் ஒன்றுமில்லை. யார்மேலாவது காட்டவேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி உதவிக்கு வந்தார். நல்ல மனுஷன், பாவாமேல் உயிர். மதுரைப் பக்கத்துக்காரர். துரையின் கொட்டத்தை அடக்க மனிதர்களால் ஆகாது, பாவாவே கோபப்பட்டால்தான் உண்டு என்று முடிவுகட்டினார். சாமியைக் கிளப்பிவிட அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அவர்கள் லயத்துக்குப் பின்னால் முனியாண்டிக்கு எதை வைப்பார்களோ அதையெல்லாம் கம்பிக்கு அடியில் நுழைந்துபோய் பாவாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார். ஒரு போத்தல் சாராயம், ஒரு கட்டுச் சுருட்டு. கறுப்புச் சேவலை மட்டும் வீட்டில் அறுத்துக் குழம்பு வைத்தாராம், மேட்டில் இரத்தம் சிந்தவேண்டாமென்று.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுநாள் காவல்காரன் போத்தலைத் தூக்கிக்கொண்டு துரையிடம் ஓடினான். மேடு குடிகாரர்கள் கூடும் இடமாகிவிட்டது என்று துரை முடிவுசெய்தார். அடுத்த வாரம் மேட்டைச் சமப்படுத்திக் கன்று நடச் சொல்லிவிட்டார். செய்தி கடைவீதிக்கு வந்தது. கங்காணி எங்கள் கொல்லைக்கு வந்து நடந்ததை ஒப்புக்கொண்டதும் லெப்பை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பாவாவுக்குச் சாராயமா! கங்காணி, நீங்க மனுசன்தானா?"

கங்காணிக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "ஏங்க, எங்க முனிக்கு வைக்கிறத விட ஒசந்த சரக்குங்க. பண்டாரவளைக்குப் போயி வாங்கிட்டு வந்தேங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு தகரவேலிக்கு அந்தப்பக்கம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சமப்படுத்துவதென்றால் அந்த இரண்டு கல்லும் மண்வெட்டிக்கு எத்தனை நேரம் தாங்கும்? அக்கா புடவையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"கெளம்புங்க, தொரைகிட்டப் போவோம்" என்றேன்.

என் கணவருக்கு வேர்த்துவிட்டது. துரை பங்களாவுக்கு அரிசியும் மிளகாயும் போவது எங்கள் கடையிலிருந்து. "ஏன்டி, பொழப்பக் கெடுக்கப் பாக்கிறியா?" என்றார். ஆனால் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. கங்காணியையும் இழுத்துக்கொண்டோம். அக்கா வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார்.

துரைக்குத் தமிழ் தெரியும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ். வா, போ, வெட்டு, நிறுத்து. மரியாதைப் பேச்சு என்று ஒன்று இருப்பதே அவர் காதில் விழுந்ததில்லை.

"என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு" என்றார் என் கணவரைப் பார்த்து. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"மேட்ட வெட்டக் கூடாதுங்க. அங்க யாரும் குடிக்கல. இவரு சாமிக்கு வச்சது அது" என்று கங்காணியை முன்னால் தள்ளினேன்.

கங்காணி எல்லாவற்றையும் சொன்னார். சேவல் குழம்பையும் விடவில்லை. துரை மேசைக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினார். காலி.

"யார் குடிச்சது?"

கங்காணி யோசித்தார். "பாவா குடிச்சிருப்பாருன்னு நெனச்சேன், தொரைகளே."

"அஸ்தஃபிருல்லா!" என்றார் அக்கா. துப்பட்டிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் துரையே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ வைக்கும்போது எவ்வளவு இருந்துச்சு?" என்று கங்காணியிடம் கேட்டேன். மூடியைத் திறந்து வைத்தாராம், கழுத்துவரை இருந்ததாம். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற காவல்காரனைப் பார்த்தோம். அவன் ஆகாயத்தைப் பார்த்தான். சுருட்டுக் கட்டு எங்கே போனதென்பது அவன் சட்டைப் பையைப் பார்த்தபோது விளங்கியது. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். காரியம் ஆகிவிட்டதென்று நினைத்தேன். சிரித்து முடித்தவர், "சரி, குடி இல்லே. ஆனா பாதை இல்லே. போ" என்றார்.

அவ்வளவுதானா? எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ. அதற்குள் அக்கா ஓரடி முன்னால் வந்தார்.

"தொரை, எம்புள்ள உள்ள இருக்கு."

துரைக்கு விளங்கவில்லை. "பிள்ளை? எங்கே? எவ்வளவு பெரிசு?"

அக்கா துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் விட்டுக் காட்டினார். காட்டிய கையை இறக்கவே இல்லை. துரை எழுந்து சன்னலுக்குப் போய்க் கொஞ்சநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் என்ன நினைத்தாரென்று எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் ஊரில் ஏதேதோ சொன்னார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது அவர் குரல் பழையபடி பெரட்டுக் குரல்தான். மேட்டை வெட்டவேண்டாம். கம்பியில் ஒரு கேட்டு வைக்கலாம். வியாழக்கிழமை மட்டும் திறக்கவேண்டும். சாவி கங்காணியிடம் இருக்கக் கூடாது, போத்தலோடு போவான். காவல்காரனிடமும் இருக்கக் கூடாது. முஸ்லிம்களிடம் கொடுத்தால் நாளைக்கு நிலமே எங்களுடையது என்பார்களாம். கடைசியில் என்னைச் சுட்டி, "நீ வச்சுக்கோ. நீ சத்தம் போடறே, எல்லாரும் பயப்படறான்" என்றார். என் கணவர் வேகமாகத் தலையாட்டினார்.

அப்படித்தான் சாவி முருகனுக்குக் கீழே வந்தது. ஒரு பெரிய மனிதருடைய அடக்கத்துக்கு இன்னொருவரிடம் சாவி கேட்டுப் போகவேண்டியிருக்கிறதே என்று லெப்பை முதலில் முணுமுணுத்தார். அது நியாயமான வருத்தம், எனக்கும் அது உறுத்தியது. ஆனால் நான் காப்பி கொடுத்துத்தான் சாவி கொடுப்பேன், அதனால் சீக்கிரம் பழகிவிட்டார். கங்காணியோ, தான் செய்ததற்குப் பரிகாரம் கேட்டு லெப்பை பின்னாலேயே அலைந்தார். "ஒண்ணும் வைக்காம இருந்தாலே போதும்" என்றார் லெப்பை. கங்காணிக்கு அது போதவில்லை. மேட்டைச் சுற்றி, தேயிலைக்கு வெட்டுவதுபோலவே கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டார். சரிவில் கல்லடுக்கிச் சின்னச் சுவரும் எழுப்பினார். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே பாதி மேடு பள்ளத்துக்குப் போயிருக்கும். லெப்பை அவர் தோளில் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

வருஷங்கள் போயின. ஒருமுறை ஒரு வெண்கலப் பானைக்காக எனக்கும் அக்காவுக்கும் சண்டை. இரவல் வாங்கியது யார், நசுக்கியது யார் என்பதில் இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஒரு மாதம் பேச்சில்லை. வியாழக்கிழமை வந்தால் அக்கா கடை வாசலில் வந்து நிற்பார். நான் சாவியை எடுத்து நீட்டுவேன். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். சாவி மட்டும் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

பிறகு பாய்க்கு உடம்பு தளர்ந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கடையை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்கே போவதென்று முடிவாயிற்று. அந்தக் கடைசி வியாழக்கிழமை அக்காவோடு நானும் போனேன். அக்கா கொம்பை ஊன்றினார். வழக்கம்போல ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். எழுந்து வந்து கேட்டைத் தானே பூட்டி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"தங்கச்சி, ஆள் வந்தாலும் வராட்டியும் வியாழக்கிழமை தொறந்து வையுங்க. பூட்டியே கெடந்தா புள்ள பயந்துரும்."

நான் அழுதேன். அக்கா அப்போதும் அழவில்லை. ரயில் கிளம்பும்போதுதான் துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரிடமிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. லெப்பையும் போய்ச் சேர்ந்துவிட்டார். புது லெப்பைக்கு வயது குறைவு, மழை என்றால் வரமாட்டார். வியாழக்கிழமை பின்னேரம் கடையில் கூட்டம் நெரியும்போது நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குவது இன்றைக்கும் என் கணவருக்குப் பிடிக்காது. முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்து நீட்டுவார்.

எனக்கு ஓதத் தெரியாது. பாவாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பூவரச மரத்தடியில் உட்காருவேன். கடைக் கதை, காய்கறி விலை எல்லாம் சொல்வேன். வாயாடிக்கு அது கஷ்டமா? என்னைப் பெத்த உம்மா எப்போது வருவார் என்று பிள்ளை கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதனால் போனதும் முதலில் கேட்டை நன்றாக விரித்து, ஆடாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பேன். பிறகு அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் குனிந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

"பயப்படாத, ராசா. தொறந்துதான் இருக்கு."