டிசம்பரில் நாய் கிடையாது

கிறிஸ்துமஸ் மரத்தடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட கம்பளிக் காலுறை. இடது கட்டைவிரல் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரர்கள், கிங்கா என்ற இளம்பெண்ணும் அவள் கணவன் ராடெக்கும், பரீட்சை எழுதிய பிள்ளைகள்போலக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். மரத்தடியிலிருந்து குரல் வருகிறது.

"இந்தக் கண்ணாடி உருண்டையை யாரு கீழ்க்கிளையில மாட்டினது?"

"நான்தாம்மா," என்கிறான் ராடெக்.

"நாய் பந்துன்னு நினைச்சுக் கடிச்சா வாயெல்லாம் கண்ணாடிதான். மேல ஏத்து. இன்னும் மேல. எதுக்குடா இவ்வளவு உசரம் வளர்ந்திருக்க?"

லுட்விகா அக்கா வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் நாய்க் காப்பகத்தில் யார் வந்து நாய் கேட்டாலும், முதலில் அக்கா அவர்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாக வேண்டும். கேட்டவர் பேராசிரியராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. "நின்னுக்கிட்டுப் பார்த்தா எல்லார் வீடும் அழகாத்தான் இருக்கும். நாய் எங்கருந்து பார்க்குதோ அங்கருந்து பார்க்கணும்" என்பாள். சோபாவுக்கு அடியில் ஊசி, அலமாரிக்குப் பின்னால் எலி மருந்து, கட்டிலுக்கடியில் மாமனாரின் மாத்திரை என்று அவள் கண்டெடுத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு கடையே வைக்கலாம்.

சமையலறைச் சோதனை தனி. மேசைமேல் கசகசா உருட்டு கேக் இருந்தால் முகர்ந்து பார்ப்பாள். "இதுல திராட்சை இருக்கு. நாய்க்கு ஆகாது. இங்க கொண்டா." அடுத்த நிமிடம் அது அவள் வாயில் இருக்கும். சாக்லேட், அதுவும் நாய்க்கு ஆகாது, அதுவும் அவள் வாயில். வெங்காயம் போட்ட கொழுக்கட்டைக்கும் அதே கதிதான். டிசம்பர் முழுக்க இந்த ஊர் நாய்களுக்காக அக்கா தின்று தீர்ப்பது கொஞ்சநஞ்சமல்ல. இடுப்புச் சுற்றளவைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "எல்லாம் பாதுகாப்பு நடவடிக்கை" என்று பதில் வரும்.

கிங்கா வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டி நிறையத் தண்ணீர்; அதில் பண்டிகை விருந்துக்காக உயிரோடு வாங்கி விட்டிருந்த கெண்டை மீன் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"இவரு பேரு என்ன?"

"ஸ்டெஃபான்," என்று கிங்காவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"பேரு வேற வெச்சாச்சா! அப்ப நீங்க இவரைச் சாப்பிட்ட மாதிரிதான்." அக்கா மீனை உற்றுப் பார்த்தாள். மீனும் அவளைப் பார்த்தது. "சரி. அடுத்த வருஷம் மீன் இருக்கிறப்போ இந்தக் கதவு சாத்தியே இருக்கணும். நாய் எட்டிப் பார்க்கும், இவரு முழிப்பாரு, ரெண்டுல ஒருத்தருக்கு மாரடைப்பு வரும். முள்ளு ஒண்ணுகூடக் குப்பைக்கூடையில திறந்து கிடக்கக் கூடாது, புரியுதா?"

"அப்ப நாய் எப்பம்மா கிடைக்கும்?"

"மூன்று ராஜாக்கள் திருநாள் முடிஞ்ச மறுநாள். ஜனவரி ஏழு. டிசம்பர்ல நாய் கிடையாது."

இதுதான் லுட்விகா அக்காவின் சட்டம். வீடு பார்ப்பது டிசம்பரில், ஏனென்றால் பண்டிகை அமளியைத் தாங்குகிற வீடு வருஷம் முழுக்கத் தாங்குமாம். நாய் கொடுப்பது ஜனவரி ஏழிலிருந்துதான். காரணம் ஒரு சிவப்பு ரிப்பன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு குட்டியைக் கிறிஸ்துமஸ் பரிசு என்று கழுத்தில் ரிப்பன் கட்டி வாங்கிப் போனார்கள். பண்டிகை முடிந்த கையோடு அது காப்பகத்து வாசல் கம்பியில், பனியில், கட்டிக் கிடந்தது. ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை, பாவிகள். அந்த ரிப்பனை அக்கா இன்றைக்கும் தான் ஓட்டும் வண்டியின் கண்ணாடியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

வண்டி என்றால் டிராலி பஸ். மேலே கம்பியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான லுப்ளின் தெருக்களில் ஓடுகிற நகரப் பேருந்து. ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியவள் ஒரு கார் ஓட்ட மாட்டாள். "மேல கம்பி இல்லாத வண்டி எங்க வேணா போகும்டி. அதை எப்படி நம்புறது?" அதனால் வீடு பார்க்கப் போவதும் நாயைக் கொண்டுபோய் விடுவதும் என் காரில். அவள் குடியிருப்புக்கு நேர் கீழே குடியிருக்கும் பாவத்துக்கு, பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற நான் பதினைந்து வருஷமாகச் சம்பளமில்லாத டிரைவர். சீட்டில் கோட்டைக் கழற்றி வைத்தால் எடுக்கும்போது அது கம்பளியாகிவிடும், அவ்வளவு நாய் முடி.

இவ்வளவு செய்கிறவள் வீட்டில் ஒரு நாய்கூடக் கிடையாது. கேட்டால் சிடுசிடுப்பாள். "ஒண்ணைக் கூட்டிட்டு வந்தா மறுநாள் மத்ததுங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? நீ முழிப்பியா?" கிறிஸ்துமஸ் இரவு நடுநிசியில் மிருகங்கள் மனிதர்போலப் பேசும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அக்கா அன்றைக்குக் கோழி அடைகிற நேரத்துக்கே படுத்துவிடுவாள். "அதுங்க பேச ஆரம்பிச்சா நல்லதா ஒண்ணும் சொல்லாதுங்க ப்ரோன்யா. எனக்கு வேண்டாம்" என்பாள் என்னிடம்.

ஆனால் அப்படி ஒரு நாய் பேசியிருந்தால் தலைவர்தான் பேசியிருப்பார். தலைவர் என்பது காப்பகத்தில் அந்த நாய்க்கு வைத்த பெயர். பெருத்த வயிறு, தளர்ந்த நடை, யார் வந்தாலும் எழுந்திருக்காமல் தலையை மட்டும் அசைக்கிற தோரணை. வேறென்ன பெயர் வைக்க முடியும்? வயசானவர் என்பதால் நாய் தேடி வருபவர்கள் அவர் கூண்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். தலைவரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

பெரிதுபடுத்துவது ஒன்றைத்தான்: வெடி. புத்தாண்டு இரவில் காப்பகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஊர் இளவட்டமெல்லாம் கூடி வாணவேடிக்கை விடும். வருஷா வருஷம் அந்த இரவு அக்கா கூண்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரேடியோவை அலறவிட்டு, ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். போன வருஷம் அப்படியும் தலைவர் கம்பி வலையைக் கடித்துக் கடித்து முன்பற்களை உடைத்துக்கொண்டார். விடியும்வரை மூச்சு இரைத்தது. இந்த டிசம்பரில் மருத்துவர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு புத்தாண்டை இந்த இதயம் தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் பார்க்கலாம் என்றால் பக்கத்து ஊர்க் காப்பகங்களெல்லாம் நிரம்பி வழிந்தன.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காப்பகத்து வாசலில் நான் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, தலைவரை நான் கூட்டிட்டுப் போறேன். நம்ம கட்டடம் மைதானத்துல இருந்து எவ்வளவோ தள்ளி இருக்கு."

"ஜனவரி ஏழு."

"அக்கா!"

"டிசம்பர்ல நாய் கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"நான் என்ன யாரோவா? உங்க காலடியில குடியிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். உன் மரத்துல இன்னும் வெள்ளிச் சரிகை தொங்குது. அதை முழுங்கின உன் பூனையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினது யாரு? உன் வீடு தேறாதுடி."

"ஏழாம் தேதி வரைக்கும் அவரு இருக்க மாட்டாரு! அப்புறம் அவரோட உங்க சட்டத்தையும் சேர்த்துப் புதைங்க!"

வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டேன். அக்கா தலைவர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உனக்காக இன்னிக்கு வளைச்சா, நாளைக்கு இன்னொருத்தன் ரிப்பனோட வந்து நிப்பான். அவன்கிட்ட நான் எந்த வாயால இல்லைன்னு சொல்றது?" என்றாள். நான் காரை எடுத்தேன். எனக்கு அழுகையாக வந்தது. அவள் பிடிவாதத்தை நினைத்து ஆத்திரமாகவும் வந்தது.

அடுத்த இரண்டு நாளும் என் கூரைக்கு மேலே ஒரே ரகளை. எதையோ இழுக்கிற சத்தம், ஆணி அடிக்கிற சத்தம். ஒரு ஜீவன் சாகக் கிடக்கும்போது இந்த மனுஷிக்கு வீட்டு அலங்காரம் கேட்கிறதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் தேதி பிற்பகல் கதவு தட்டப்பட்டது. அக்கா.

"மேல வா. பழைய துணி ஏதாவது போட்டுக்கிட்டு வா."

மேலே போனால் அவள் வீட்டு வாசலில், கால்மிதிக்கு வெளியே, தலைவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு கயிறு, மார்பில் ஒரு கயிறு, இரண்டும் படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டியிருந்தன. கழுத்துப் பட்டையில் புதிதாக ஒரு தகடு. உள்ளே ஜன்னல்களெல்லாம் கம்பளி போர்த்தி ஆணி அடித்திருந்தன. துணி அலமாரி பால்கனிக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. மேசைக்கடியில் மெத்தை, அதன்மேல் டிராலி பஸ் ஓட்டும்போது போடுகிற அவளுடைய பழைய கோட்டு.

"படு," என்றாள்.

"எங்க?"

"தரையிலதான். பாரு. என் வீட்டை நானே பார்த்து நானே தேறிட்டேன்னு சொன்னா அது ஏமாத்து வேலை."

படுத்தேன். கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன், அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். முழங்கை தேய்ந்தது. கடைசியில் சுடுநீர்க் குழாய்க்குப் பின்னால் தங்கத்தாள் சுற்றிய ஒன்று அகப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

"அக்கா! இது என்ன?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "அது... போன ஈஸ்டர்ல வந்தது."

"சாக்லேட். நாய்க்கு ஆகாது."

வெடுக்கென்று பிடுங்கினாள். தாளை உரித்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். ஈஸ்டரிலிருந்து கிடந்த பண்டம் கல்லாகியிருக்க வேண்டும், வெகுநேரம் மென்றாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றாள். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அவள் எதிரே இப்படி நின்றிருப்பார்கள்!

"தேறுமா?"

"தேறும்க்கா," என்றேன்.

"ராத்திரி நான் அங்க மத்ததுங்களோட இருக்கணும். நீ இங்க இவரு பக்கத்துல உட்காரு. ரேடியோவை நிறுத்தாத. கதவைத் திறக்காத, யாரு தட்டினாலும் சரி. நடுங்கினா பிடிச்சு அமுக்காத, சும்மா பேசிக்கிட்டே இரு. உனக்குத்தான் பேச வருமே."

"இதுக்கு என் வீட்டுக்கே குடுத்திருக்கலாமே!"

"உன் வீட்டுல டிசம்பர்."

"உங்க வீட்டுல மட்டும்?"

அப்போது கீழே தெருவில் எவனோ பொறுமையில்லாதவன் முதல் வெடியைப் போட்டான். தலைவர் உடம்பு முழுக்க ஒருமுறை உதறியது. எழுந்து, கால்மிதியைத் தாண்டி, ஒரு முன்னங்காலை வாசற்படிமேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க தலைவரே," என்றாள் அக்கா.

சமையலறைச் சுவரில் புத்தாண்டுக்கான தினசரி நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த கயிறுகூட அவிழ்க்கவில்லை. அவிழ்த்தாள். ஜனவரி ஒன்றைக் கிழித்தாள். இரண்டைக் கிழித்தாள். நிதானமாக ஒவ்வொரு தாளாகக் கிழித்து, மூன்று ராஜாக்கள் திருநாளின் சிவப்புத் தாளையும் கிழித்து, எல்லாவற்றையும் மடித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்து, படிக்கட்டுக் கைப்பிடியிலிருந்து கயிறுகளை அவிழ்த்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.